சீர்த்தட்டில் வந்த ஹவுசிங்

சித்தெ நகந்து உக்காருங்க தம்பி. இன்னுங் கொஞ்சம். ஆங், போதும் போதும். இந்த பஸ்ஸுக்காரனுக வருசா வருசம் சீட்டைச் சின்னதாக்கிட்டே வர்றானுக, கவனிச்சீங்களா? மூணு பேர் சீட்டுங்கறான். ரெண்டு பேர் உக்காந்தாலே ஜன்னல் கம்பி விலாவுல குத்துது. நான் ஒண்ணும் பெரிய ஆளில்லீங்க, சித்தெ பூசுனாப்பல ஒடம்பு, அவ்வளவுதான். எங்க வம்சமே அப்படி.

அய்யய்யோ, அந்தத் துண்டு மூட்டை மேல கால் வெச்சுராதீங்க! அதைக் கீழ வைக்கப்படாது, குலுங்கற குலுக்கல்ல உள்ள இருக்கற சாமானோட மொகம் கீறிக்கும். ஒண்ணு பண்றீங்களா, உங்க மடியில வெச்சுக்கறீங்களா? என் மடியில நிக்க மாட்டேங்குதுங்க, வழுக்கி வழுக்கி முட்டிக்குப் போயிருது. இன்னும் ரெண்டு மேல ரேக்குல கெடக்குது. கனமா இருக்குதுங்களா? நெசத்தைச் சொல்லுங்க. பரவால்லையா? மரியாதைக்குச் சொல்றீங்க. கனந்தான். அதாங்க என் வயித்தெரிச்சலே. அந்தக் கனத்தை வெச்சுத்தான் தையிலிருந்து எனக்கும் என் சம்சாரத்தோட அண்ணனுக்கும் பேச்சுவார்த்தை இல்ல.

ஏரோப்ளேன் சாமானுங்க அது. அட, சிரிக்காதீங்க. எல்லாரும் இந்த இடத்துல சிரிக்கறாங்க.

நம்மளுக்குத் திருச்செங்கோடுங்க. அர்த்தநாரி பாடி பில்டர்ஸ்னு கேட்டுப் பாருங்க. அர்த்தநாரி நான்தான். லாரிக்கு பாடி கட்றது. நான் கட்டுன பாடியில விரிசல் விட்டுச்சுன்னு ஒருத்தன் வந்து நின்னதில்ல. பத்து டன் ஏத்தற வண்டியில பதினஞ்சு ஏத்துவானுக நம்ம ஆளுக, அதுக்குத் தகுந்தாப்பல நானும் ஒரு இரும்புச் சேனலுக்கு ரெண்டு சேனல் போட்டு அடிச்சு உட்டுருவேன். அப்படிப்பட்டவன் ஏரோப்ளேனுக்கு எப்படிப் போனான்னு கேக்கறீங்க. கேக்கலையா? பரவால்ல, சொல்றேன்.

ஒரு தடவை மெட்ராஸ்ல இருந்து பழைய இரும்பு லோடு ஒண்ணு வந்துச்சுங்க. அதுக்குள்ள ஒரு எஞ்சின். ஜப்பான் கார்ல இருந்து கழட்டுனது. பாத்தா எஞ்சின் மாதிரியே இல்ல, பால் கேன் பெருசுக்கு இருக்குது. பிஸ்டன் இல்ல, வால்வு இல்ல. ரோட்டரி எஞ்சினுங்க. உள்ள நெலக்கடலைத் தோல் இருக்குதில்லீங்க, ரெண்டு பருப்பு கடலை, நடுவுல இடுப்பு ஒடுங்கி, அந்த மாதிரி ரெண்டு கூடு. ஒவ்வொண்ணுக்குள்ளயும் மூணு மூலை வெச்ச உருளை ஒண்ணு சுத்தும். இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நடுவுலயும் மூடி. கூடும் மூடியும் சேந்ததுதான் ஹவுசிங். அவ்வளவுதான் எஞ்சின். ஸ்டார்ட் பண்ணி உட்டேன் பாருங்க, தம்பி, உடம்பெல்லாம் புல்லரிச்சுப் போச்சு. இத்தனூண்டு பொட்டி, ஒரு லாரியை இழுத்துட்டுப் போயிரும் போலிருக்குது. கம்ப்யூட்டர்ல தேடுனா, வெளிநாட்டுல இதையேதான் வீட்டுல செஞ்ச ஏரோப்ளேன்ல வெச்சுப் பறக்கறானுக. அன்னிக்குப் புடிச்ச கிறுக்குங்க, ஒரு வெளிநாட்டுக்காரன்கிட்ட ரெண்டு பேர் ஏரோப்ளேனுக்குப் பிளான் வாங்கிக் கட்ட ஆரம்பிச்சுட்டேன்.

டெல்லியில போய் அனுமதி வாங்குன கதை தனி. அது இன்னொரு பஸ்ஸுக்கு.

வண்டி ஓடறதுக்கு எடம் வேணுமில்லீங்களா. என் சம்சாரம் பூங்கொடி, அவங்க அப்பா அவளுக்குக் குடுத்த காடு ஒண்ணு இருக்குது, நீளவாக்குல. கடலைக்காடு. கேட்டேன். மறுநாள் பாத்தா கெணத்து மேட்டுல தென்னங்கன்னு வரிசையா அடுக்கி இருக்குது. "ஏனுங்க மாமா, எங்க அப்பன் காட்டைச் சும்மா போட்டு வெக்க முடியாது. தை வரைக்கும் பாப்பேன். தைக்குள்ள உங்க வண்டி பறந்துச்சுன்னா சரி. இல்லீன்னா தென்னை நட்டுப்போடுவேன்" அப்படின்னுட்டா. அவ சொன்னா சொன்னதுதான். கல்யாணம் ஆனதுலேர்ந்து ஒரு தடவைகூட வாக்கு மாறுனதில்ல, என்னோட துரதிர்ஷ்டம். தெனமும் பொழுது விடிஞ்சா அந்தக் கன்னுகளுக்குத் தண்ணி ஊத்துவா. ஊத்திட்டு என்னை ஒரு பார்வை பாப்பா.

இப்பத்தான் முக்கியமான எடத்துக்கு வர்றேன். அந்த எஞ்சின்ல கூடு ரெண்டும் அலுமினியந்தாங்க. மூடி மூணும் இரும்பு. வார்ப்பிரும்பு. கார்ல கெடந்தா பரவால்ல, ரோட்டுலதானே போகுது. ஏரோப்ளேன்ல அந்த இரும்பைத் தூக்கிட்டுப் போறதுங்கறது, ஆட்டுக்கல்லைத் தூக்கிட்டுக் கல்யாணத்துக்குப் போற மாதிரி. வெளிநாட்டுல என்ன பண்றானுகன்னா, மூடியை அலுமினியத்துல பண்ணி, உருளை ஒரசற மொகத்துக்கு மட்டும் கெட்டியா ஒரு பூச்சு ஏத்திர்றானுக. வெறும் அலுமினியத்தை உட்டா அறுத்துப்போடும். எனக்கு மூணு வழி இருந்துச்சு. இரும்பையே வெச்சுக்கலாம். வெளிநாட்டுல கடைஞ்சதை வரவழைக்கலாம், சவரக்கத்தியாட்டம் லேசு, நல்ல சரக்கு. இல்லாட்டி இங்கயே யாராச்சும் நல்ல ஃபவுண்டரியில உருக்கி ஊத்திக்கலாம்.

வெளிநாட்டுச் சாமானுக்கு ஆர்டர் குடுக்க கை வெச்சுட்டேங்க. அப்பத்தான் பூங்கொடி பின்னால நின்னுட்டு, "எங்கண்ணன் எதுக்கு இருக்கறாரு?" அப்படின்னா.

எங்க மச்சான் குழந்தைவேலு கோயமுத்தூர்ல ஃபவுண்டரி வெச்சிருக்காரு. மோட்டார் பம்புக்கு பாடி ஊத்தறவரு. ஃபவுண்டரி வெச்சிருக்கற மச்சான் இருக்கறப்ப வெளியில ஊத்தறதுங்கறது, ஊட்டுல சோறு ஆக்கி வெச்சிருக்க எதுத்த ஊட்டுல போயி உக்காந்து சாப்பிடற மாதிரி. அப்புறம் ஒறம்பரை சொந்தத்துல மூஞ்சி காட்ட முடியுங்களா? சரின்னு அவருகிட்டவே குடுத்தேன். நெனச்சா இப்பவும் பத்திட்டு வருது.

நான் எடை விசயத்துல எப்படிப்பட்டவன்னு உங்களுக்குத் தெரியாது தம்பி. நட்டுக்கு மேல நீட்டிட்டு இருக்கற போல்ட்டு நுனியைக்கூட அறுத்து எடுத்தவன் நான். பெடல்ல ஓட்டை போட்டேன், ஓட்டறப்பப் புடிக்கற ஸ்டிக்குல ஓட்டை போட்டேன், எங்கெங்க எடம் இருக்குதோ அங்கெல்லாம் ஓட்டை. ரெக்கைக்குப் பெயிண்டு அடிச்சவன்கிட்ட, ஒரே கோட்டு, ரெண்டாவது கோட்டு அடிச்சே கைய ஒடிப்பேன்னுட்டேன். நகைக்கடைத் தராசு ஒண்ணு வாங்கி ஸ்க்ரூவை எல்லாம் அதுல போட்டுப் போட்டுப் பாப்பேன். அப்படி வேர்வை சிந்திக் கொறைச்சு வெச்சிருக்கேன், இவரு என்ன பண்றாரு?

ஃபவுண்டரிக்குப் போனேன். வரைபடத்தை விரிச்சு, "மச்சான், இந்த எடத்துல இத்தனை கனம், அதுக்கு மேல ஒரு நூல் கூடப் போகக்கூடாது"ன்னு கையப் புடிச்சுட்டுச் சொன்னேன். அவரு கண்ணாடியைத் தூக்கிட்டுப் பாத்தாரு. "ஏன் மாப்ளே, இது அப்பளமாட்டம் இருக்குதுங்களே"ன்னாரு. "அப்பளமாட்டந்தான் இருக்கணும்"ன்னேன். "தங்கச்சி புருசன் ஆகாசத்துல போறப்ப அப்பளத்தை நம்பியா உடறது? கனத்துல ரெண்டு மில்லி சேத்தி ஊத்திக்கலாங்க. எதுக்கும் இருக்கட்டும்." இதுதான் அவரு வாயில வர்ற ஒரே வசனம். எதுக்கும் இருக்கட்டும். அவரு ஊத்துன பம்பு பாடியை ஆனை மிதிச்சாலும் ஒண்ணும் ஆகாது. அதுக்குக் காரணம் எதுக்கும் இருக்கட்டுந்தான். எனக்கு இந்தப் பழக்கமே ஆகாது தம்பி. அளவுன்னா அளவுல நிக்கணும்.

அப்புறம் சாமான் எப்படி வந்துச்சுன்னு நெனக்கறீங்க? பார்சல்ல வந்திருந்தா நான் பொழச்சிருப்பேன். ஆயுத பூசையன்னிக்கு, மேளத்தோட வந்துச்சுங்க. புது ஊடு கட்டிக் குடி போனா பொறந்த ஊட்டுச் சீர் வருமில்லீங்களா, அந்த மாதிரி, தங்கச்சி ஊட்டுல புதுசா ஏரோப்ளேன் வருதுன்னு சீர் கொண்டு வந்துட்டாரு மனுசன். தட்டுல வாழைப்பழம், தட்டுல தேங்கா, தட்டுல பட்டு வேட்டி, அடுத்த தட்டுல மூடி. சந்தனம் பூசி, குங்குமம் வெச்சு, கதம்பம் சுத்தி. தெருவே பாக்குது. பூங்கொடி கண்ணுல தண்ணி. பொறந்த ஊட்டுச் சீர் வந்தா எந்தப் பொம்பளைக்குத்தான் சந்தோசம் இருக்காது?

நான் தட்டைக் கையில வாங்குனேன் பாருங்க. வாங்குனப்பவே எனக்குத் தெரிஞ்சு போச்சு. கை எறங்குது. கனம்!

நீங்களே சொல்லுங்க, சீர்த்தட்டுல வந்த சாமானைக் கொண்டு போயி தராசுல வெக்க முடியுமா? மச்சான் போட்ட மோதிரத்தை எடை போட்டுப் பாப்பீங்களா? பாத்தா வெட்டுக் குத்துல போயி நிக்கும். சந்தனத்தைத் துடைச்சுப் பூச்சு ஏத்த அனுப்பி, வாயை மூடிட்டு எஞ்சின்ல மாட்டுனேன். மொத்த வண்டியிலயும் எடை போடாத சாமான் அந்த மூணு மூடிதாங்க. மத்ததெல்லாம் சுத்தம்.

அப்புறம் வண்டிக்கு வேணுங்கற சில்லறைச் சாமானை எல்லாம் போட்டேன். ஸ்டெப்னி. என்னங்க அப்படிப் பாக்கறீங்க? ஸ்டெப்னி இல்லாம ஒரு வண்டியா? எங்கியாச்சும் எறங்குனா பஞ்சர் ஆச்சுன்னா யாரு வந்து நிப்பா? ஸ்டெப்னி வெச்சா ஜாக்கி வெக்கணும், ஜாக்கி வெச்சா டூல்ஸ் பொட்டி வெக்கணும். ஏர் ஹாரன் ஒண்ணு, மேல பருந்து கிருந்து வந்தா வெரட்டறதுக்கு. முன்னால பித்தளையில சாமி பேரு. கால் வெக்கற எடத்துல பிளான்காரன் தகடு போட்டிருந்தான், பேப்பராட்டம். அதை எடுத்துட்டு லாரிக்குப் போடற தகட்டைப் போட்டேன். சீட்டுகூட எவனோ எலும்பனுக்குன்னு வரைஞ்சு வெச்சிருந்தான், அகலப்படுத்தி, நல்ல ஸ்பாஞ்சு போட்டு ரெக்சின் தெச்சேன். எல்லாம் அவசியமானதுதான், ஒண்ணு ஆடம்பரம் கெடையாது.

மொத்த எடை பாக்கணுமில்லீங்களா. ரெக்கையைக் கழட்டி லாரியில ஏத்தி எடை மேடைக்குக் கொண்டு போனோம். லாரி எடையைக் கழிச்சுட்டா வண்டி எடை வந்துரும். மேடைக்காரன் வழக்கம்போல, "டிரைவர் எறங்கிக்குங்க"ன்னான். லாரி டிரைவரு எறங்குனாரு. நானும் ஏரோப்ளேன் சீட்டுல உக்காந்து ஆசையாப் பாத்துட்டு இருந்தனா, நானும் எறங்குனேன். பாருங்க, அவ்வளவு நேர்மை. வந்த எடை பிளான்காரன் சொன்னதுக்குச் சித்தெ கூடத்தான், ஆனா பறந்துரும். கணக்கு சரியா வந்துச்சு. அந்த மூடி மட்டும் அளவா இருந்திருந்தா இன்னும் சரியா வந்திருக்கும்.

ஓட்டறதுக்கு ரோசலின் அம்மான்னு ஒருத்தங்க. விமானம் ஓட்டக் கத்துக் குடுத்து ரிட்டயர்டு ஆனவங்க, கேப்டனம்மான்னுதான் கூப்பிடுவோம். தூத்துக்குடிப் பக்கம். ஊதுனா பறந்துருவாங்க, அப்படி இருப்பாங்க. ரெண்டு பேர் வண்டியில்லீங்களா, அவங்க ஓட்டணும், நான் பக்கத்துல உக்காரணும். அதான் ஏற்பாடு. வந்ததுமே வண்டியைச் சுத்திப் பாத்தாங்க. ஸ்டெப்னியைப் பாத்தாங்க. ரொம்ப நேரம் பாத்தாங்க. அப்புறம், "சார், ஆட்களோட எடை எவ்வளவு போட்டிருக்கீங்க?"ன்னாங்க.

"ஆள் எடையை எதுக்கும்மா சேக்கறது? எந்த ஊர் எடை மேடையிலயும் டிரைவரைச் சேக்க மாட்டாங்களே"ன்னேன். இங்கிலீஷ்ல என்னமோ சொல்லிட்டு நெத்தியில கைய வெச்சாங்க. படிச்சவங்களுக்கு நடைமுறை தெரியாது, அதான்.

தை பொறந்துச்சு. காட்டுல பந்தல் போட்டு, ரேடியோ செட்டு கட்டி, ஒறம்பரை மொத்தமும் வந்திருச்சு. ஒரு பக்கம் பந்தி ரெடியாகுது. இன்னொரு பக்கம் கெணத்து மேட்டுல அந்தத் தென்னங்கன்னுக. பூங்கொடி நடுவுல நிக்கறா. கேப்டனம்மா ஏறுனாங்க, நான் ஏறுனேன். எஞ்சின் பேசுது பாருங்க, வீணை மாதிரி! ஓடறோம். காடு முடியற வரைக்கும் ஓடறோம். எந்திரிக்கல. திரும்பி வந்தோம். மறுபடியும் ஓடறோம். மறுபடியும் எந்திரிக்கல. மூணாவது தடவை, வரப்புத் தாண்டி அடுத்தவன் மஞ்சக்காட்டுல போயி நின்னோம். சனமெல்லாம் ஓடி வருது. ரேடியோ செட்டுக்காரன் பாவி, சோகப் பாட்டா போட்டு உடறான்.

எனக்கு எப்படி இருந்திருக்கும்? அத்தனை பேரு முன்னால. கெணத்து மேட்டுப் பக்கம் என்னால திரும்பிக்கூடப் பாக்க முடியல. எறங்குனேன், நேரா மச்சான்கிட்டப் போனேன். "உங்க மூடிதான் மச்சான்! உங்க ரெண்டு மில்லிதான் என்னைத் தரையில கட்டிப் போட்டிருக்குது! பம்பு ஊத்தறவனுக்கு ஏரோப்ளேன் எதுக்கு?" அப்படின்னு கேட்டுட்டேன்.

மனுசன் மூஞ்சி செத்துப் போச்சு. மெதுவா அவரு காருக்குப் போனாரு. டிக்கியைத் தெறந்து ஒரு மூடியை எடுத்துட்டு வந்தாரு. நாலாவது மூடி! எதுக்கும் இருக்கட்டும்னு ஒண்ணு சேத்தி ஊத்தி வெச்சிருக்காரு பாருங்க, திருந்தாத ஜென்மம். மஞ்சக்காட்டுக்காரன் ஊட்டுத் தராசை எடுத்தாரச் சொன்னாரு. ஒரு தட்டுல அவரு மூடி, இன்னொரு தட்டுல எங்க கொட்டாயில கெடந்த பழைய இரும்பு மூடி. சீர்ப் பொருளு, அவரு கையாலயே தராசுல ஏத்துனாரு. ஊரே மூச்சு உடாமப் பாக்குது. இரும்பு மூடி இருந்த தட்டு டமார்னு தரையில எறங்கிருச்சு. மச்சான் மூடிப் பக்கம் இன்னொரு அலுமினிய மூடியையும் வெக்கலாம், அவ்வளவு வித்தியாசம்.

அந்தக் காட்டுக்காரன் மஞ்ச யாவாரமும் பண்றவன் தம்பி. மஞ்ச யாவாரி தராசை எவனாச்சும் நம்புவானா?

மச்சான் என்னைப் பாத்து, "தப்பு எம்பேர்ல இல்லீங்க மாப்ளே. வேற எதை எடை போடோணும்னு நீங்களே சொல்லுங்க"ன்னாரு. அப்ப எல்லாரும் என்னையே பாத்தாங்க. கேப்டனம்மா பாத்தாங்க, சமையக்காரன் கரண்டியோட நின்னு பாத்தான். ஏன் என்னைப் பாத்தாங்கன்னு இன்னிக்கு வரைக்கும் எனக்கு வெளங்கல. மச்சான் துண்டை ஒதறித் தோள்ல போட்டுட்டுக் கார்ல ஏறிட்டாரு. சாப்பிடாமப் போயிட்டாருங்க. தங்கச்சி ஊட்டு விசேசத்துல, எலை போட்ட பொறகு, அண்ணன் சாப்பிடாமப் போறதுன்னா அது சாதாரண விசயமில்ல.

பூங்கொடி அழுவான்னு நெனச்சேன். அழுகல. சேலையை எடுத்து இடுப்புல சொருகுனா. நேரா வண்டிகிட்டப் போனா. ஸ்டெப்னியைக் கழட்டி வரப்புல போட்டா. ஜாக்கியைப் போட்டா. டூல்ஸ் பொட்டி, ஹாரன், பித்தளை போர்டு, எல்லாத்தையும் இழுத்து இழுத்துக் கீழ போடறா. "அடியே, சாமி பேரு அது!"ங்கறேன். சாமி கோவில்ல இருக்கட்டும்னுட்டா. அப்புறம் கேப்டனம்மாகிட்ட, "அம்மா, நான் வந்தா இது பறக்குமா?"ன்னு கேட்டா. கேப்டனம்மா அவளை மேல இருந்து கீழ வரைக்கும் பாத்தாங்க. முதல் தடவையா அன்னிக்கு அவங்க மொகத்துல சிரிப்பு வந்துச்சு. "ஏறுங்க"ன்னாங்க.

ஸ்கூட்டர்ல பின்னால உக்காரவே பயப்படறவ தம்பி அவ. ராட்டினத்துல ஏற மாட்டா. ஏறி உக்காந்து பெல்ட்டைப் போட்டுட்டா.

ஓடுச்சு. பாதிக் காடுகூடத் தாண்டல. எந்திரிச்சிருச்சுங்க. கொக்காட்டம், அப்படியே. தென்னங்கன்னுக்கு மேல போயி, கெணத்துக்கு மேல போயி, மலைப் பக்கம் திரும்பி வெய்யில்ல பளபளன்னு... சனமெல்லாம் கத்துது, விசிலடிக்குது. நான் கீழ நிக்கறேன். என் வண்டி, என் எஞ்சின், அஞ்சு வருசமா நான் ஓட்டை போட்டுப் போட்டுக் கொறைச்ச வண்டி, அது மேல போகுது, நான் மஞ்சக்காட்டுச் சேத்துல நிக்கறேன். அழுதுட்டேன் தம்பி. மறைக்கறதுக்கு என்ன இருக்குது. சந்தோசமா வயித்தெரிச்சலான்னு எனக்கே தெரியல, பொம்பளையாட்டம் ஏங்கி ஏங்கி அழுதேன். ரெண்டு கையையும் தூக்கி ஆட்டிட்டே இருந்தேன்.

சுத்தி வந்து பூ மாதிரி எறங்குனாங்க. பூங்கொடி எறங்கி நடந்து வர்றா, தலையெல்லாம் பறந்து கெடக்குது, இருவது வயசு கொறைஞ்சாப்பல இருக்கறா. "எப்படிக் கண்ணு இருந்துச்சு?"ன்னேன். "மேல இருந்து பாத்தா ஒண்ணுமே அடையாளம் தெரியலீங்க மாமா. நம்ம ஊடு தீப்பெட்டியாட்டம் இருக்குது. கோவில் தெரியல, ரோடு தெரியல. அத்தனை சனத்துல ஒருத்தர் மொகம் தெரியல. உங்களை மட்டும் நல்லாத் தெரிஞ்சுது"ன்னா.

கேட்டீங்களா? அத்தனை ஒசரத்துல இருந்து! அதாங்க பாசம். எத்தனை சனம் நின்னா என்ன, சம்சாரத்துக்குப் புருசன்தான் தெரிவான்.

தென்னங்கன்னா? நடலீங்க. வண்டி பறந்திருச்சுல்ல, வாக்கு வாக்குதான். ஆனா ராத்திரி சோத்தைப் போட்டுட்டு இன்னொரு வாக்குச் சொன்னா. "வண்டி பறந்துச்சு, சரி. அடுத்த தைக்கு நீங்க பறக்கோணும். நான் கீழ நின்னு கையாட்டோணும், எங்கண்ணன் பக்கத்துல நிக்கோணும். இல்லீன்னா தென்னைதான்." சொல்லிட்டு அந்தப் பக்கம் திரும்பிட்டா. கண்ணைத் துடைச்ச மாதிரி இருந்துச்சு. இப்ப ஐப்பசி. இன்னும் ரெண்டு மூணு மாசந்தான் இருக்குது. அதான் இந்த மூடியை எடுத்துட்டுப் பெங்களூர் ஓடறேன். அங்க ஏரோப்ளேன் சாமான் இழைக்கற பட்டறை ஒண்ணு இருக்குது. மச்சானோட ரெண்டு மில்லியையும் பின்பக்கமாச் செரைச்சு எடுத்துரச் சொல்லப் போறேன். அப்புறம் பாருங்க. பறந்து காட்டிட்டு அப்புறமா மச்சான்கிட்டப் பேசிக்கறேன். முதல்ல மூடி.

கார்ல போகலாமேன்னு கேப்பீங்க. கார் சாவி ரெண்டு மாசமாக் காணமுங்க. பூங்கொடிதான் எங்கியோ வெச்சுட்டு மறந்துட்டா. இன்னிக்கு பஸ் ஸ்டாண்டுக்கு இத்தனையும் தூக்கிட்டு நடந்தேதான் வந்தேன். அவளுக்கு இப்பெல்லாம் ஞாபக மறதி ஜாஸ்தி. சக்கரையை வாங்க மறந்துருவா, அரிசியை வாங்க மறந்துருவா. ஊட்டுல எப்பப் பாத்தாலும் கொள்ளு. கொள்ளு ரசம், கொள்ளுத் தொவையல், கொள்ளுச் சுண்டல். கேட்டா, இந்த வருசம் காட்டுல கொள்ளுதான் நல்லா வெளைஞ்சுதுங்கறா. குதிரைக்கு வெக்கற மாதிரி வெக்கறா.

அது போகட்டும். பெரிய ரோதனை அந்த ஓடுபாதைல கல்லுங்க. ஏரோப்ளேன் சக்கரத்துக்குக் கல்லு ஆகாதுன்னு கேப்டனம்மா சொல்லிட்டுப் போனாலும் போனாங்க, பூங்கொடி என்னைக் காத்தால ஒருக்கா சாயங்காலம் ஒருக்கா காடு பூராக் குனிஞ்சு குனிஞ்சு பொறுக்க உட்டுட்டா. ஆளை வெச்சுப் பொறுக்கலாம்னா, ஆளுக்குச் சின்னக் கல்லு தெரியாது, உங்க கண்ணுக்குத்தான் தெரியுங்கறா. பொறுக்கறேன். சுத்தமாப் பொறுக்கி, கூடையில அள்ளிக் கெணத்து மேட்டுல கொட்டறேன். மறுநாள் காத்தால போனா, அத்தனை கல்லு! எங்கிருந்துதான் வருமோ, கெணத்து மேட்டுக் குவியல் மட்டும் பெருசாகவே மாட்டேங்குது. மழை பேஞ்சா பூமிக்குள்ள இருந்து கல்லு மேல வருமாம், பூங்கொடி சொல்றா. இருக்கலாம். ஆனா கோடையிலயும் வந்துச்சே.

இந்த பெல்ட்டைப் பாருங்க, மூணு ஓட்டை புதுசாப் போட்டிருக்கேன். தோல் சரியில்ல, இழுத்துட்டே போகுது. இப்பெல்லாம் எதுலயும் தரம் இல்லீங்க.

ஒண்ணு மட்டும் எனக்குப் புரியல தம்பி. நீங்க படிச்ச ஆளாட்டம் இருக்கறீங்க, யோசிச்சுச் சொல்லுங்க. போன வாரம் மூடியைக் கழட்டறதுக்கு முன்னால கேப்டனம்மா வந்தாங்க. கடைசியா ஒருக்கா ஓட்டிப் பாக்கலாம்னு ரெண்டு பேரும் உக்காந்து ஓடுனோம். காட்டு நடுவுல, சக்கரம் மூணும் தரையை உட்டு ஒரு முழம் எந்திரிச்சிருச்சுங்க! ஒரு முழம்! அவங்க உடனே கொறைச்சு எறக்கிட்டாங்க. "இன்னும் ஒரு பத்து கிலோ சார்"ன்னாங்க. "மூடியிலங்களா?"ன்னேன். சிரிச்சுட்டு, "பூங்கொடியம்மாவைக் கேளுங்க"ன்னுட்டுப் போயிட்டாங்க. அவளுக்கு எஞ்சினைப் பத்தி என்ன தெரியும்?

மூடி அதே மூடி. ஒரு பொடிகூடச் செதுக்கல. அப்புறம் எப்படி எந்திரிச்சுது? நான் நெனக்கறேன், பெங்களூருக்குக் கொண்டு போயி அறுக்கப் போறேன்னு தெரிஞ்சதும் அதுவே பயந்து போயி எளைச்சிருச்சு.

ஓ, சாப்பாட்டுக்கு நிறுத்திட்டானா? நீங்க எறங்கிச் சாப்பிட்டு வாங்க, மூட்டையை நான் பாத்துக்கறேன். ஆகா, புரோட்டா மணம் இங்க வரைக்கும் வருது பாருங்க. நானும் எறங்கலாம்னுதான்... இருங்க, போன் அடிக்குது. அவதான்.

சொல்லு கண்ணு. ம். வந்துட்டே இருக்கேன். ம். இனிமேத்தான். இல்ல இல்ல, எறங்கல. நீ குடுத்த டப்பாவையேதான். ஆமா. கொள்ளேதான். ம். சரி, வெச்சிரு.

இல்லீங்க தம்பி, நீங்க போயிட்டு வாங்க. நான் இதையே சாப்பிட்டுக்கறேன். இதைச் சாப்பிடலீன்னா டப்பாவை மோந்து பாத்தே கண்டுபுடிச்சுருவா. பட்டறையில சாமானைக் குடுத்ததும் ராத்திரியே திரும்பிரணும். நேத்து எங்க ஊர்ல நல்ல மழைங்க, காடு பூராக் கல்லு வந்து கெடக்கும்.